முத்திரையும் வெற்றுக் கடவுச்சீட்டும்: யுத்த காலத்தில் கொன்சல் அலுவலகங்கள்

1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக்கியப் படை குவைத்துக்குள் நுழைந்தபோது, ஏறத்தாழ ஒரு லட்சம் இலங்கையர் அங்கே தொழில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலோர் வீட்டுப் பணிப்பெண்கள். சில நாட்களில் பக்தாதிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. குவைத் இனித் தனிநாடு அல்ல. ஆகவே அங்குள்ள தூதரகங்கள் யாவும் ஓகஸ்ட் 24க்கு முன் மூடப்பட்டு, வேலைகள் பக்தாதுக்கு மாற்றப்பட வேண்டும் என்பதே அது. மறுத்த தூதரகங்களைப் படையினர் சூழ்ந்துகொண்டார்கள். தண்ணீரும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டன.

எங்கட ஊருக்குத் திரும்பி வந்த பெண்கள் சொன்ன கதைகளில் ஒரு வசனம் அடிக்கடி வரும்: "பாஸ்போட் முதலாளிட கையில. அவரும் ஓடிட்டார். நாங்க ஆருட்ட போய்க் கேக்கிற?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடம்தான் கொன்சல் அலுவலகம்.

தூதரகம் வேறு, கொன்சல் வேலை வேறு என்பதை நாம் பொதுவாகக் கவனிப்பதில்லை. தூதுவர் அரசோடு அரசு பேசுபவர். கொன்சல் மனிதரின் காகிதங்களைப் பார்ப்பவர். கடவுச்சீட்டு, பிறப்புப் பதிவு, மரணச் சான்று, சிறையிலிருப்பவரைப் போய்ப் பார்ப்பது எல்லாம் அவருடைய கணக்கில் வரும். இரு நாடுகள் ராஜதந்திர உறவை முறித்துக்கொண்டாலும் கொன்சல் உறவு தானாக முறிந்துவிடாது என்று 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை சொல்வது இதனால்தான். ஆயுத மோதல் நடந்தாலும் கொன்சல் கட்டடத்தையும் ஆவணங்களையும் அந்நாடு மதிக்க வேண்டும். வெளியேறும் நாடு தன் பிரஜைகளின் நலன்களை மூன்றாவது நாடொன்றிடம் ஒப்படைத்துவிட்டும் போகலாம். இரண்டாம் உலக யுத்தத்தில் சுவிட்சர்லாந்து இப்படி 35 நாடுகளுக்காகச் சுமார் 200 பொறுப்புகளைச் சுமந்தது.

நடைமுறையில் முதலில் உத்தியோகத்தர்களின் குடும்பங்கள் போகும். அடுத்து அவசியமற்ற ஆட்கள். இரகசியக் குறியீட்டுப் புத்தகங்களை எரித்துவிடுவார்கள். கடைசியில் ஓரிருவரும் ஒரு முத்திரையும் ஒரு பெட்டி வெற்றுக் கடவுச்சீட்டுகளும் மிஞ்சும். பெட்டி கெட்டவர் கையில் விழுந்தால் வியாபாரம். நல்லவர் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மவர் அதிகம் அறியாத உதாரணம் ஒன்று உண்டு.

1940 ஜூனில் ஜேர்மனியர் பரிஸைப் பிடித்தார்கள். பிரெஞ்சு அரசு விஷி நகருக்கு நகர்ந்தது. ஈரானியத் தூதுவர் அநூஷிர்வான் ஸிபஹ்புதியும் அரசின் பின்னால் விஷிக்குப் போனார். பரிஸில் கொன்சல் வேலைகளைப் பார்க்க விடப்பட்டவர் அவருடைய மைத்துனர் அப்துல் ஹுஸைன் ஸர்தாரி. ஜெனீவாவில் சட்டம் படித்த இளம் உத்தியோகத்தர், விருந்துகளில் விருப்பமுள்ளவர். அவரை அங்கே விட்டதில் பெரிய திட்டமேதும் இருந்ததாகத் தெரியவில்லை. வழக்கமான ஆளணி மாற்றம்தான்.

அவ்வருடம் செப்டெம்பர் இறுதியில் யூதர்கள் தம்மைப் பதிவுசெய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. பரிஸில் ஈரானிய யூதர்களும் இருந்தார்கள். ஸர்தாரி சட்டத்தரணியின் மூளையோடு ஒரு வாதம் எழுதினார். இவர்கள் இனத்தால் யூதர் அல்லர், ஈரானிய இரத்தம், பழங்காலத்தில் மூஸா நபியின் மார்க்கத்தை ஏற்றுக்கொண்ட ஈரானியர், அவ்வளவுதான் என்பது வாதம். 'ஜுகுத்தன்' என்று அவர்களுக்கு ஒரு பெயரும் இருந்தது. நாஸிகளின் இனக் கோட்பாட்டை அவர்களுடைய கையாலேயே முறுக்கிய வேலை இது. இனத்தால் யூதரானவரைக் கொல்லலாம் என்ற அடித்தளத்தை இந்த வாதம் தொடவேயில்லையே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த மேசைக்கு முன்னால் நியாயம் பேசிய காகிதம் எதுவும் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடித்திராது. இந்தக் காகிதமோ பெர்லினில் மேசை மேசையாக அலைந்தது. இனவியல் நிறுவனங்களிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். இன்னும் ஆராய வேண்டும் என்று பதில் வந்தது. மாதங்கள் போயின. 1942 டிசெம்பரில் அடொல்ஃப் ஐக்மன், இது யூதரின் வழமையான தந்திரம் என்று எழுதித் தள்ளிவிட்டார்.

இதற்கிடையில் ஸர்தாரியின் காலடி நிலமே போய்விட்டது. 1941 ஓகஸ்ட் 25இல் பிரித்தானியாவும் சோவியத் ஒன்றியமும் ஈரானுக்குள் நுழைந்தன. செப்டெம்பரில் ரிஸா ஷா முடி துறந்தார். புதிய அரசு நேச நாடுகளின் பக்கம் சாய்ந்தது. பரிஸிலிருந்த உத்தியோகத்தரை நாடு திரும்பச் சொன்னது. அவர் திரும்பவில்லை. சம்பளம் நின்றது, ராஜதந்திரப் பாதுகாப்பும் இல்லை. தன் சொந்தச் சொத்திலிருந்து செலவழித்து அலுவலகத்தை நடத்தினார். வெற்றுக் கடவுச்சீட்டுகளை எழுதிக் கொடுத்ததும் இக்காலத்தில்தான். ஒரு கடவுச்சீட்டில் முழுக் குடும்பமும் அடங்கும். எத்தனை பேர் தப்பினார்கள் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆயிரக்கணக்கு என்போர் உண்டு. ஆவணங்கள் அவ்வளவுக்கு இடம் தரவில்லை என்போரும் உண்டு. பெரிய எண்ணைச் சொல்லித்தான் அந்த மனிதரை மதிக்க வேண்டும் என்றில்லை.

யுத்தம் முடிந்தபின் கிடைத்தது விருதல்ல, விசாரணை. கடவுச்சீட்டு விதிகளை மீறினார் என்று தெஹ்ரானில் வழக்கு. 1955இல்தான் அவர் பெயர் சுத்தமானது. 1981இல் இங்கிலாந்தில் மரணித்தார்.

அதே யுத்தத்தில் ரோட்ஸ் தீவில் துருக்கியின் கொன்சலாக இருந்தவர் ஸலாஹத்தீன் உல்குமென். ஸர்தாரிக்கு இல்லாத ஒன்று இவருக்கு இருந்தது: துருக்கி அப்போது நடுநிலை நாடு, ஜேர்மனி அதைப் பகைக்க விரும்பவில்லை. 1944 ஜூலையில் தீவின் யூதர்களை ஜேர்மனியர் ஒன்று திரட்டியபோது, இவர் தளபதி கிளீமனிடம் நேரே போய்த் துருக்கிப் பிரஜைகளை விடச் சொன்னார். துருக்கிச் சட்டத்தில் பிரஜைகளிடையே மத பேதம் இல்லை என்றார். பிரஜைகளின் கணவன், மனைவியரும் பிரஜைகளே என்று ஒரு சட்டத்தையும் சொன்னார். அப்படி ஒரு சட்டமே கிடையாது! நாற்பதுக்கும் மேற்பட்டோர் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் பிரஜைகள் 13 பேர்தான். மற்றவர்கள், 1,600க்கும் அதிகமானோர், அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். ஓகஸ்டில் துருக்கி ஜேர்மனியோடு உறவை முறித்தது. உல்குமென் தடுத்துவைக்கப்பட்டார். கொன்சல் கட்டடத்தின் மீது விழுந்த குண்டில் காயப்பட்ட அவருடைய கர்ப்பிணி மனைவி, மகனைப் பெற்றுவிட்டுச் சில நாட்களில் இறந்துபோனார்.

குவைத் கதையில் இப்படியான வீரம் எதையும் தேட வேண்டாம். ஈராக் வழியாக ஜோர்தான் எல்லைக்கு வந்து, வெயிலில் கூடாரத்துக்குள் கிடந்தவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு துண்டுப் பயணப் பத்திரம். அதன் பெறுமதி பின்னர்தான் தெரிந்தது. ஐ.நா. நட்டஈட்டு ஆணைக்குழு, யுத்தத்தால் வெளியேறிய தனிநபருக்கு 2,500 அல்லது 4,000 டொலர் என்று தொகை நிர்ணயித்தபோது, கேட்டது பெரிய அத்தாட்சி அல்ல. இந்தத் திகதிகளுக்கிடையில் வெளியேறினேன் என்பதற்கு ஓர் எளிய ஆதாரம் மாத்திரம்தான். முத்திரை குத்திய அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருந்த உம்மாமாருக்கு அலைச்சல் குறைந்தது; வீட்டுக்கு வந்ததும் கிழித்துப் போட்டவர்கள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியதாயிற்று.