கையெழுத்து மட்டும் போதுமா? கணக்கும் காட்ட வேண்டாமா?



தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று நமது டெல்டா ஊர்களின் கடைவீதிகளில் நடந்து பார்த்தால், பல பெயர்ப் பலகைகளில் தாயாரின் பெயரோ, மனைவியின் பெயரோ, மகளின் பெயரோ இருப்பதைக் காணலாம். பலகையோடு நிற்பதில்லை. உணவுப் பொருள் உரிமம், ஜி.எஸ்.டி. பதிவு, வங்கிக் கடன், கூட்டுப் பத்திரம் என்று பல ஆவணங்களிலும் வீட்டுப் பெண்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கடையின் பேரேட்டை அவர்களில் எத்தனை பேர் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள்? சரக்கு இருப்பு எவ்வளவு, வெளியில் நிற்கும் பாக்கி எவ்வளவு, மண்டிக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இது சிறு கடைகளில் மட்டும் உள்ள பழக்கம் அன்று. பல நூறு கோடி ரூபாய் புரளும் கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களிலும் இதே கதை நடந்திருக்கிறது. அங்கே நடந்தவற்றைச் சற்று ஊன்றிப் பார்த்தால், நமது கடைக்கும் குடும்பத்துக்கும் உதவக்கூடிய பாடங்கள் உண்டு.

தஞ்சையோடு உறவுள்ள ஒரு வங்கியின் கதை

1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. அதை நம்பிப் பணம் போட்டிருந்த ஏராளமான குடும்பங்கள் சேமிப்பை இழந்து தவித்தன. நமக்கென்று நாணயமான ஒரு வங்கி வேண்டும் என்ற எண்ணம் அந்த அடியில் பிறந்தது. 1907-இல் இந்தியன் வங்கி தொடங்கப்பட்டது. முன்னின்று அதற்குப் பாடுபட்டவர் நமது திருவிடைமருதூரில் பிறந்த வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர்.

இன்னொரு உறவும் உண்டு. 1901-இல் தோன்றிய தஞ்சாவூர் வங்கி நலிவுற்றபோது, 1990-இல் அது இந்தியன் வங்கியோடு இணைக்கப்பட்டது. டெல்டா வணிகர்களில் மூத்தவர்கள் பலருக்குப் பழைய வங்கியின் பாஸ் புத்தகம் இன்னும் நினைவிருக்கும்.

நலிந்த வங்கியைத் தாங்கிய அந்த இந்தியன் வங்கியே சில ஆண்டுகளில் தள்ளாடியது. 1995-96-ஆம் ஆண்டில் அதன் நஷ்டம் ரூ.1,336 கோடி. பெரிய இடத்துக் கடன்களை முறையாக ஆராயாமல் கொடுத்ததும், போதிய ஈடு பெறாததும் முக்கியக் காரணங்கள். பிறகு மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குகளும் வந்தன. தொடர்ந்து சில ஆண்டுகள் நஷ்டமே. 1999-இல் வர்மா குழு, நலிந்த பொதுத்துறை வங்கிகள் என்று சுட்டிக்காட்டிய மூன்றில் இந்தியன் வங்கியும் ஒன்று.

அந்த நிலையில், 2000-ஆம் ஆண்டில் திருமதி ரஞ்சனா குமார் அதன் தலைவராகவும் நிர்வாக இயக்குநராகவும் பொறுப்பேற்றார். இந்தியாவில் ஒரு பொதுத்துறை வங்கிக்கு அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண்மணி அவர். வங்கித் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அடிமட்டத்திலிருந்து பழகியவர். வாராக் கடன் வசூலை முடுக்கினார். லாபம் தராத கிளைகளை இணைத்துச் செலவைக் குறைத்தார். விருப்ப ஓய்வுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஊழியர்களை நேரில் சந்தித்து நிலைமையை மறைக்காமல் சொன்னார். அரசும் மூலதனம் கொடுத்து உதவியது. 2001-02-இல் வங்கி லாபத்துக்குத் திரும்பியது. 2007-இல் பொதுமக்களுக்குப் பங்குகளை வெளியிடும் அளவுக்கு அது நிமிர்ந்தது.

பெண் ஒருவர் வந்ததால் மாயம் நடந்துவிட்டது என்று இங்கே சொல்ல வரவில்லை. அரசின் பணமும், ஆயிரக்கணக்கான ஊழியர்களின் உழைப்பும் அதில் உண்டு. கவனிக்க வேண்டியது வேறு. அவருக்குக் கொடுக்கப்பட்டது வெறும் நாற்காலி அன்று. கணக்குப் புத்தகம் முழுவதும் அவர் கைக்கு வந்தது. எந்தக் கடன் யாருக்கு, எதை நம்பிக் கொடுக்கப்பட்டது என்று கேட்கும் அதிகாரமும் வந்தது. கேள்வி கேட்கும் அதிகாரத்தோடு வந்த பதவிதான் பலன் தந்தது.

சட்டம் கதவைத் திறந்தது

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 149-ஆம் பிரிவு ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளும், ரூ.100 கோடிக்குக் குறையாத செலுத்தப்பட்ட மூலதனம் அல்லது ரூ.300 கோடிக்குக் குறையாத விற்றுமுதல் உள்ள பொதுக் கம்பெனிகளும் இயக்குநர் குழுவில் குறைந்தது ஒரு பெண்ணையாவது வைத்துக்கொள்ள வேண்டும். பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்குச் செபி 2015 ஏப்ரல் 1-ஐக் கெடுவாக வைத்தது.

கெடு நெருங்கியபோது என்ன நடந்தது என்பதைப் பத்திரிகை படிப்பவர்கள் அறிவார்கள். பல கம்பெனிகளில் முதலாளியின் மனைவி, மகள், சகோதரி ஆகியோர் அவசர அவசரமாக இயக்குநர் ஆனார்கள். அவர்களில் திறமைசாலிகள் இல்லாமல் இல்லை. ஆனால் பல இடங்களில் எண்ணிக்கை மட்டும் நிறைந்தது. இதைக் கண்ட செபி, முதல் 500 கம்பெனிகளில் 2019 ஏப்ரல் முதலும், முதல் 1,000 கம்பெனிகளில் 2020 ஏப்ரல் முதலும், முதலாளி குடும்பத்தைச் சாராத சுயேச்சைப் பெண் இயக்குநர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று விதித்தது. நார்வே நாடு இதில் நமக்கு முன்னே சென்றது. அங்கே 2003-இல் இயற்றிய சட்டப்படி, பெரிய கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் ஆண், பெண் இரு பாலரும் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

பங்கு உண்டு, இருக்கை இல்லை

சட்டம் இருந்தும் சில இடங்களில் கதவு எளிதாகத் திறப்பதில்லை. தமிழகத்தின் பெருமைக்குரிய வணிகக் குடும்பங்களில் ஒன்றான முருகப்பா குழுமத்தில் நடந்ததை நாடே கவனித்தது. எம்.வி. முருகப்பன் அவர்கள் 2017-இல் காலமானார். அவருக்கு ஆண் வாரிசு இல்லை. மனைவிக்கும் இரு மகள்களுக்கும், குழுமத்தின் தலைமை முதலீட்டுக் கம்பெனியான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் 8 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமான பங்கு வந்தது. மூத்த மகள் வள்ளி அருணாசலம் அணுப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். இயக்குநர் குழுவில் தமக்கு இடம் வேண்டும் என்று அவர் கேட்டார். 2020 செப்டம்பரில் நடந்த ஆண்டுப் பொதுக்குழுவில் வாக்கெடுப்பு நடந்தது. 91 விழுக்காட்டுக்கும் அதிகமான வாக்குகள் எதிராக விழுந்தன. விவகாரம் தொடர்ந்து, 2023 ஆகஸ்டில் குடும்பத்துக்குள் சமரசம் ஏற்பட்டது.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நமது வேலை அன்று. இயக்குநரைத் தேர்ந்தெடுப்பது பங்குதாரர்களின் உரிமை என்பதும் உண்மையே. ஆனாலும் ஒன்று விளங்குகிறது. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தமும், பிறகு 2005-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்துவிட்டன. நிர்வாகத்தில் பங்கைச் சட்டம் தானாகத் தந்துவிடுவதில்லை. அதைக் குடும்பத் தலைவர் தம் காலத்திலேயே பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். அத்தனை பெரிய குடும்பத்திலேயே அது ஆண்டுக்கணக்கில் விவகாரமாக நீண்டது என்றால், நம்மைப் போன்றவர்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

நமது கடைக்கு வருவோம்

கம்பெனி இயக்குநருக்காவது பொறுப்புக்கு ஓர் எல்லை உண்டு. கூட்டு வணிகத்தில் பங்குதாரருக்கு அந்த எல்லையும் இல்லை. 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி, கடையின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் தனியாகவும் கூட்டாகவும் பொறுப்பு. "பேருக்குத்தான் போட்டிருக்கிறோம்" என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. கடை நொடித்தால், பெயருக்குப் பங்குதாரராக இருக்கும் மனைவியின் வீட்டு மனையும் நகையும் கடன்காரர் கைக்கு எட்டும்.

தனி உரிமையாளர் கடை மனைவி பெயரில் இருந்தால் பொறுப்பு முழுவதும் அவருடையது. அவர் கையெழுத்திட்ட காசோலை பணமின்றித் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்கைச் சந்திக்க வேண்டியவரும் அவரே. வெற்றுக் காசோலைகளில் மொத்தமாகக் கையெழுத்து வாங்கி மேசையில் பூட்டி வைக்கும் வழக்கம் நம்மில் சிலரிடம் உண்டு. அது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அதே கூட்டாண்மைச் சட்டம் ஓர் உரிமையையும் தருகிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால், கடையின் கணக்குகளைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் ஒவ்வொரு பங்குதாரருக்கும் உரிமை உண்டு. 42-ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. ஒப்பந்தத்தில் ஏற்பாடு செய்யாவிட்டால், ஒரு பங்குதாரர் இறந்தவுடன் கூட்டு வணிகம் கலைந்துவிடும். இருவர் மட்டுமே உள்ள கூட்டு என்றால், எஞ்சியிருப்பவர் ஒருவரை வைத்துக் கூட்டு தொடரவே முடியாது. இதைப் பத்திரம் எழுதும்போதே கவனிக்க வேண்டும்.

நமது வணிகம் ஆற்று நீரை நம்பிய வணிகம். விவசாயி விதைப்புக்கு முன் மளிகையைக் கடனில் வாங்கி, அறுவடை முடிந்து நெல் பணம் வந்தபின் பாக்கியைத் தீர்ப்பார். 2012 முதல் 2019 வரை மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை. குறுவை பொய்த்தால் பாக்கியும் பொய்க்கும். அத்தகைய ஆண்டில் கடைக்காரருக்கு உடல்நலம் குன்றிவிட்டால், யார் யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்பது அவர் நெஞ்சில் மட்டும் இருந்தால், குடும்பத்தின் கதி என்ன? கொடுக்க வேண்டியதைக் கேட்டு வருகிறவர்கள் மறுநாளே வருவார்கள். தர வேண்டியவர்கள் தாமாக வரமாட்டார்கள்.

வீதியிலேயே இருக்கும் முன்மாதிரி

நல்ல நிர்வாகத்தைக் கற்க நார்வேக்குப் போக வேண்டியதில்லை. நம் கடைக்கு அரிசி, பருப்பு வாங்க வரும் பெண்களைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று ஊர்தோறும் இருக்கின்றன. 12 முதல் 20 பேர் கூடுகிறார்கள். வரவு செலவை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கிறார்கள். யாருக்குக் கடன், எதற்கு, எப்போது திரும்பும் என்று பேசி முடிவு செய்து தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். ஈடு இல்லாத கடனை எச்சரிக்கையோடு கொடுப்பது எப்படி என்பதை அவர்கள் அன்றாடம் செய்து காட்டுகிறார்கள்.

"கணக்கைக் காட்டினால் வீட்டில் சண்டைதான் வரும்" என்று சிலர் சொல்லக்கூடும். வரட்டுமே. "இவருக்கு ஏன் இவ்வளவு கடன் கொடுத்தீர்கள்?" என்று வீட்டில் ஒருவர் கேட்பது, பின்னால் வங்கி அதிகாரி கேட்பதைவிட மேல்.

உடனே செய்யக் கூடியவை

1. பத்திரத்தில் பெயர் உள்ள பெண்ணுக்கு மாதம் ஒரு நாள் நாள்வழி, பேரேடு, ஐந்தொகை மூன்றையும் காட்டி விளக்குங்கள்.

2. வெற்றுக் காசோலையிலும் வெற்றுத் தாளிலும் கையெழுத்து வாங்குவதை இன்றோடு நிறுத்துங்கள்.

3. வரவேண்டிய பாக்கி, தரவேண்டிய பாக்கி இரண்டையும் தனித்தனிப் பட்டியலாக எழுதி வீட்டில் ஒரு பிரதி வையுங்கள்.

4. கூட்டுப் பத்திரத்தை வழக்கறிஞரிடமோ கணக்காயரிடமோ காட்டி, பங்குதாரர் இறந்தால் வாரிசுக்கு என்ன என்பதைத் தெளிவாக எழுதுங்கள். மகளையும் வாரிசாகக் கணக்கில் கொள்ளுங்கள்.

5. குறிப்பிட்ட தொகைக்கு மேல் கடன் கொடுப்பதானால் இருவர் சம்மதம் வேண்டும் என்று விதி வையுங்கள். அந்த இருவரில் ஒருவர் பத்திரத்தில் பெயர் உள்ள பெண்ணாக இருக்கட்டும்.

கடைசியாக நமது சங்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாவட்டம் முழுவதும் பூக்கடை, காய்கறிக் கடை, தையலகம், மளிகைக் கடை என்று எத்தனையோ பெண்கள் தாமே கல்லாவில் அமர்ந்து வணிகம் செய்கிறார்கள். அவர்களும் சந்தா செலுத்துகிறார்கள். நிர்வாகக் குழுவில் அவர்கள் எத்தனை பேர்? அடுத்த பொதுக்குழுவில் ஒவ்வொரு கிளைச் சங்கமும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். பெயருக்கு ஓர் இடம் கொடுத்து மேடையில் அமர்த்திவிட வேண்டாம். பொருளாளர் பொறுப்பைக் கொடுத்து, சங்கக் கணக்கை அவர்கள் கையில் ஒப்படைத்துப் பாருங்கள்.