"ஐ டிட் நாட் கேம்!"
வகுப்பே சிரித்தது, வழி காட்டியது தமிழ்

"நேற்று ஏன் வரவில்லை?" என்று வாத்தியார் கேட்டார். இங்கிலீஷில்தான் கேட்டார். ஆறாம் வகுப்புச் சிறுமி எழுந்து நின்றாள்.

"ஐ டிட் நாட் கேம், சார்" என்றாள்.

வகுப்பே சிரித்தது. அவள் முகம் சிவந்தது. உட்கார்ந்தவள் அன்று முழுவதும் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தாள். இங்கிலீஷ் புத்தகத்தைத் தூக்கி மூலையில் போட்டாள்.

"எனக்கு அது வராதும்மா. இனிமேல் வகுப்பில் பேசவே மாட்டேன்" என்றாள்.

இப்படி வாயை மூடிக்கொண்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். வளர்ந்த பிறகும் அந்தச் சிரிப்பு அவர்கள் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வேலைக்குப் பேட்டி என்றால் உடம்பு நடுங்குகிறது.

அம்மா ஐந்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுவாள், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏண்டி கண்ணு, அதையே தமிழில் எப்படிச் சொல்வாய்?"

"வரவில்லை."

"வந்தவில்லை என்று சொல்வாயா?"

சிறுமி சிரித்துவிட்டாள். "அப்படி யாராவது சொல்வார்களா?"

விஷயம் இதுதான். "வந்தேன்" என்பது நடந்து முடிந்தது. ஆனால் "இல்லை" வந்து ஒட்டிக்கொண்டால், "வந்த" என்பது போய் வெறும் "வர" ஆகிவிடுகிறது. இங்கிலீஷும் அப்படியே. "கேம்" என்றால் வந்தேன். "டிட் நாட்" வந்துவிட்டால் "கேம்" போய் "கம்" ஆகிவிடும். இறந்த காலத்தை "டிட்" சுமந்துகொள்கிறது. ஒரு சுமையை இரண்டு பேர் தூக்க வேண்டாம் அல்லவா? "ஐ டிட் நாட் கம்." கேள்வி கேட்டாலும் இதே கதைதான்: "டிட் யூ கம்?"

ஒரே ஒரு "ஸ்"

தமிழில் வினைச்சொல்லின் வாலைப் பார்த்தால் போதும். வந்தான், வந்தாள், வந்தது, வந்தார்கள். ஆணா பெண்ணா, ஒருவரா பலரா, எல்லாம் தெரிந்துவிடும். இங்கிலீஷுக்கும் பழைய காலத்தில் பல வால்கள் இருந்தன. காலப்போக்கில் உதிர்ந்துவிட்டன. நிகழ்காலத்தில் மிஞ்சியது ஒரே ஒரு "ஸ்". ஐ கோ, யூ கோ, வீ கோ, தே கோ. ஹீ, ஷீ, இட் வந்தால் மட்டும் "கோஸ்".

இதில்தான் பிள்ளைகள் இடறுகிறார்கள். பெயர்ச்சொல்லில் "ஸ்" வந்தால் பலர். வினைச்சொல்லில் "ஸ்" வந்தால் ஒருவர்! ஒரு பையன் ஓடினால் "பாய் ரன்ஸ்". பல பையன்கள் ஓடினால் "பாய்ஸ் ரன்". பெரும்பாலும் "ஸ்" ஒரு பக்கம்தான் உட்காரும். "டஸ்" வந்துவிட்டால் அந்த "ஸ்" அங்கே தாவிவிடும்: "ஹீ டஸ் நாட் கோ."

"கோ" என்பதற்கு இறந்த காலம் ஏன் "வென்ட்"? அது வேறு ஒரு பழைய வினைச்சொல்லிடமிருந்து வாங்கிய இரவல். நம்மிடம் மட்டும் விபரீதம் இல்லையா? "சா" என்பது "செத்தான்" ஆகிறதே! அதை எந்தக் குழந்தையும் மனப்பாடம் செய்யவில்லை. காதில் விழுந்தது, வாயில் வந்தது.

காலங்களிலும் தமிழைக் கேட்கலாம். "எனக்குத் தெரியும்" என்கிறோம். "தெரிந்துகொண்டிருக்கிறது" என்பதில்லை. ஆகவே "ஐ நோ"தான்; "ஐ ஆம் நோயிங்" அல்ல. "தாஜ்மகாலைப் பார்த்திருக்கிறேன்" என்றால் "ஐ ஹாவ் ஸீன்". "நேற்று", "போன வருஷம்" என்று நாள் சொல்லிவிட்டால் "ஹாவ்" வேண்டாம். "ஐ ஸா" போதும்.

மாடும் மழையும்

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்காது. வாக்கியம் நீளும்போது இரண்டு மொழிகளும் முதுகைத் திருப்பிக்கொள்கின்றன.

"சந்தையில் வாங்கிய மாடு பால் கொடுக்கவில்லை." தமிழில் மாட்டுக்கு முன்னால் சந்தை வருகிறது. இங்கிலீஷில் மாடு முதலில் வரும்; சந்தை பின்னால் வரும். "த கவ் விச் வீ பாட் அட் த மார்க்கெட் டஸ் நாட் கிவ் மில்க்." வாங்கியது யார்? தமிழில் சொல்லாமலே புரியும். இங்கிலீஷ் விடாது; "வீ" என்று ஆளைக் காட்டச் சொல்லும். மழை பெய்தால்கூட "இட்" என்று ஓர் ஆளை நிறுத்தி வைக்கும்: "இட் இஸ் ரெயினிங்"!

"அட் த மார்க்கெட்" என்பதில் வினை இல்லை, அது பிரேஸ். "விச் வீ பாட் அட் த மார்க்கெட்" என்பதில் ஆளும் உண்டு, வினையும் உண்டு, அது கிளாஸ். குடிக்கிற கிளாஸ் அல்ல! இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

இந்திய மாணவர்கள் பல தலைமுறையாகப் புரட்டிய "ரென் அண்ட் மார்ட்டின்" இலக்கணப் புத்தகத்தைப் பலருக்குத் தெரியும். அதை எழுதிய இருவரில் ஒருவரான பி. சி. ரென், இந்தியாவில் கல்வித் துறையில் வேலை பார்த்த வெள்ளைக்காரர். பாலைவனப் போர்வீரர்களைப் பற்றி 1924-ல் "போ ஜெஸ்ட்" என்ற நாவல் எழுதிப் பெயர் வாங்கியவரும் அவரே. அது சினிமாவாகவும் வந்தது. இலக்கணம் எழுதுகிறவர்கள் எல்லாரும் சிடுமூஞ்சிகள் அல்ல!

புத்தகம் மட்டும் போதாது. நீச்சல் புத்தகம் படித்தவன் நீந்துவதில்லை. தினம் ஒரு வினைச்சொல், பத்தே நிமிஷம். ஐ ஈட். ஹீ ஈட்ஸ். ஐ ஏட். ஐ டிட் நாட் ஈட். டிட் யூ ஈட்? வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனசுக்குள் சொன்னால் நாக்குப் பழகாது.

அந்தச் சிறுமியின் வீட்டில் இதைச் சாப்பாட்டு நேரத்தில் விளையாட்டாக்கிவிட்டார்கள். இன்று என்ன செய்தாய், என்ன செய்யவில்லை என்று ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அப்பாவும் தப்பவில்லை. முதல் நாள் அவரே "டிட் நாட் வென்ட்" என்று மாட்டிக்கொண்டார். மகள்தான் திருத்தினாள்.

பிறகு தம்பியின் முறை. கீரையைத் தட்டின் ஓரம் ஒதுக்கிவிட்டு, "ஐ ஏட் கீரை" என்றான்.

"'ஐ டிட் நாட் ஈட்' என்று சொல்லுடா!" என்றாள் அக்கா.

அம்மாவுக்கு "ஈட்" புரிந்துவிட்டது. இன்னொரு கரண்டி கீரையை அவன் தட்டில் வைத்தாள்.