இரத்தக் காட்டேரி மாப்பிள்ளையும் ஒரு துண்டுக் கடதாசியும்



வழமையாக இந்தப் பக்கத்தில் வருமான வரி, வீட்டுக் கடன் என்று எழுதுகிற நான் இம்முறை பேய்க் காதல் கதைகளைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்க வேண்டாம். கணக்காளருக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, பிறகு சொல்கிறேன்.

மகள் சென்ற வருடம் தனி வீடு போனபோது எங்கள் மார்க்கம் வீட்டு பேஸ்மென்றில் நான்கு பெட்டி ஆங்கில நாவல்களை விட்டுவிட்டுப் போனாள். அட்டையைப் பார்த்தாலே விளங்கும்: முழு நிலவு, சட்டை போடாத ஓர் ஆண், பக்கத்தில் ஓர் ஓநாய். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் இந்தப் புத்தகங்களுக்காக நான் அவளோடு சண்டை பிடித்திருக்கிறேன். ஒருமுறை இரண்டைக் குப்பையிலும் போட்டேன். இப்போது மிச்சத்தையும் நீலப் பெட்டிக்குள் போடட்டோ என்று தொலைபேசியில் கேட்டேன்.

"வேண்டாம் அம்மா. ஆருக்கும் சும்மா குடுங்கோ. ஆனால் புத்தகம் எப்பிடி எண்டு உள்ளதை உள்ளபடி எழுதிக் குடுங்கோ" என்றாள்.

உள்ளதை எழுதுவதென்றால் வாசிக்க வேண்டுமே. வரிக் காலம் முடிந்ததும் தொடங்கினேன். இதுவரை 19 புத்தகம் முடித்துவிட்டேன்.

இந்த வகை நாவலை ஆங்கிலத்தில் பாரநோர்மல் ரொமான்ஸ் என்பார்கள். நாம் அமானுஷ்யக் காதல் கதை என்று வைத்துக்கொள்ளலாம். காதலர் இருவரில் ஒருவராவது மனிதர் அல்லாதவராக இருப்பார்: இரத்தக் காட்டேரி, மனித ஓநாய், சூனியக்காரி, சில வேளை சிறகு முளைத்த தேவதூதன். பயமுறுத்துவது நோக்கமல்ல. கடைசியில் இருவரும் சேர வேண்டும், அதுதான் சட்டம். 2005 இல் ஸ்ரெபனி மேயரின் 'ருவைலைற்' வெளிவந்து, 2008 இல் படமாகவும் ஓடியபோதுதான் இது எங்கள் பிள்ளைகளின் புத்தகப் பைகளுக்குள் பெருவாரியாகப் புகுந்தது.

இது முழுக்க அமெரிக்கச் சரக்கு என்றே நான் எண்ணியிருந்தேன். ரொறன்ரோவுக்கும் இதில் நல்ல பங்கு உண்டு. உலகம் முழுவதும் காதல் நாவல் விற்கிற ஹார்லெகுயின் நிறுவனம் 1949 இல் வின்னிபெக்கில் தொடங்கி, பிறகு ரொறன்ரோவுக்கு வந்தது. 1971 இல் அது இங்கிலாந்தின் மில்ஸ் அன்ட் பூன் நிறுவனத்தை வாங்கியது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் தெரிந்த அக்காமார் தலையணைக்குக் கீழே வைத்திருந்த அதே மில்ஸ் அன்ட் பூன்தான். 1981 முதல் 2014 வரை ஹார்லெகுயின், ரொறன்ரோ ஸ்ரார் பத்திரிகையின் உரிமையாளரான ரோர்ஸ்ரார் நிறுவனத்தின் முழுச் சொத்தாக இருந்தது. பிறகு 455 மில்லியன் டொலருக்கு நியூஸ் கோர்ப் வாங்கியது. 2006 இல் காட்டேரி, ஓநாய்க் கதைகளுக்கென்றே 'நொக்ரேர்ன்' என்று ஒரு தனி வரிசையையும் அவர்கள் தொடங்கி, பல வருடம் நடத்தினார்கள்.

ரான்யா ஹஃப் என்ற கனடிய எழுத்தாளரின் 'பிளட் பிறைஸ்' 1991 இல் வந்தது. அதில் வரும் காட்டேரி எட்டாம் ஹென்றி மன்னனின் மகன், முறைப்படி பிறக்காதவன். நானூறு வயதுக்கு மேல். ரொறன்ரோவில் குடியிருக்கிறான். பிழைப்புக்கு என்ன செய்கிறான் தெரியுமா? காதல் நாவல் எழுதுகிறான். ஒன்ராறியோவைச் சேர்ந்த கெலி ஆம்ஸ்ரோங் 2001 இல் வெளியிட்ட 'பிற்றன்' நாவலின் நாயகி, ரொறன்ரோவில் பத்திரிகையாளராக வேலை செய்கிறாள். அவள் ஓநாயாக மாறுகிறவள். தன் கூட்டத்தை விட்டு விலகி வந்து, மற்றவர்களைப் போல ஒரு சாதாரண மனுசியாக வாழப் பார்க்கிறாள். கூட்டம் அவளைத் திரும்பக் கூப்பிடுகிறது. போகாமல் இருக்கவும் அவளால் முடியவில்லை. என் மகள் இந்தப் புத்தகத்தை மூன்று தரம் வாசித்திருக்கிறாள் என்று உள்ளட்டையில் அவளே குறித்து வைத்த திகதிகள் சொல்கின்றன. ஏன் என்று எனக்கு இப்போதுதான் கொஞ்சம் விளங்குகிறது.

எங்களுக்கும் பேய்க் கதை புதிதல்ல. கணவனால் கொலையுண்டு, பேயாகி வந்து பழி தீர்த்த பழையனூர் நீலியை எல்லோருக்கும் தெரியும். பேய்க் கதைகளுக்குப் பேர்போன பி.டி.சாமி இருந்தார். பிறகு 'மர்மதேசம்' தொடரால் இந்திரா சௌந்தர்ராஜன் வீடு வீடாக அறிமுகமானார், 2024 இல் காலமானார். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. எங்கள் கதையில் பேய் பெரும்பாலும் பெண். அநியாயமாகச் செத்தவள், கணக்குத் தீர்க்க வருகிறவள். இவர்களின் கதையில் பேய்தான் மாப்பிள்ளை. வயது முந்நூறு, சொந்த வீடு, நல்ல கார், சீதனம் கேட்பதில்லை, மாமியார் எப்போதோ செத்துப் போய்விட்டார். சாதகம் மட்டும் பொருந்தாது.

பழைய புத்தகத்தில் உண்மையை எழுதிக் கைமாற்றுகிற பழக்கத்தை நான் கனடாவில் படிக்கவில்லை. 1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. இந்திய மாத நாவல்கள் புதிதாக எங்கள் கைக்கு வரவில்லை. வீட்டில் கிடந்த பழைய ராணி முத்து, மாலைமதிதான் வீடு வீடாகச் சுற்றின. ஜாம் போத்தல் விளக்கில் வாசித்தோம். அப்படி ஒன்று என்னிடம் வந்தபோது அதில் கடைசிப் பக்கங்கள் இல்லை. பின்னட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள்: "கடைசி ஆறு பக்கம் கிழிஞ்சு போச்சு. பயப்பிட வேண்டாம், அவள் அவனைத்தான் கட்டுறாள்." அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்து: "கட்டியிருக்கக் கூடாது."

எழுதியவர்கள் யாரென்று தெரியாது. 1995 இடப்பெயர்வோடு புத்தகமும் போய்விட்டது. கதை எனக்கு மறந்துவிட்டது. அந்த இரண்டு வரியும் மறக்கவில்லை. அமெரிக்காவில் 2001 இல் புக்குறொசிங் என்ற பெயரில், புத்தகத்தில் அடையாள இலக்கம் ஒட்டி, பொது இடத்தில் விட்டு, வாசித்தவர்கள் தங்கள் கருத்தைப் பதிகிற முறை ஒன்று தொடங்கியது. 2009 இல் விஸ்கொன்சின் மாநிலத்தில் ரொட் போல் என்பவர் ஆசிரியையாக இருந்த தன் தாயின் நினைவாக வீட்டு வாசலில் பள்ளிக்கூட வடிவில் ஒரு சிறு புத்தகப் பெட்டியை வைத்தார். இன்று நாங்கள் தெருவோரங்களில் காண்கிற பெட்டிகள் அதன் வழி வந்தவைதான்.

இனி கணக்காளரின் கதை. கணக்காய்வின் முடிவில் நாங்கள் கொடுப்பதற்குப் பெயரே அபிப்பிராயம்தான். கணக்கு சரி என்று சொல்லலாம். இந்த ஒரு விடயம் தவிர மற்றது சரி என்று சொல்லலாம். பிழை என்று சொல்லலாம். போதிய ஆதாரம் கிடைக்காதபடியால் அபிப்பிராயம் சொல்ல முடியாது என்றும் ஒதுங்கலாம். நாவலுக்கும் இது அப்படியே பொருந்தும். நாலாவதை நான் அடிக்கடி பாவிக்கிறேன்: "40 ஆம் பக்கத்தோடு விட்டுவிட்டேன், மேலே தெரியாது." எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நிபந்தனை உண்டு. கணக்காய்வாளருக்கு அந்த நிறுவனத்தில் எந்தப் பங்கும் இருக்கக் கூடாது.

எங்கள் நூல் வெளியீட்டு விழாக்களை யோசித்துப் பாருங்கள். எழுதியவர் தெரிந்தவர், மேடையில் பேசுகிறவர் அவருடைய நண்பர், சிறப்புப் பிரதி வாங்குகிறவர் சொந்தக்காரர். நானும் ஒருமுறை அரைவாசியும் வாசிக்காத ஒரு நூலை மேடையேறிப் புகழ்ந்திருக்கிறேன். அதை நம்பி வாங்கிய ஒருவர் பிறகு என்னைக் கண்டபோது ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். அமெரிக்காவில் வணிக ஆணையம் 2009 இல், ஒரு பொருளை இலவசமாகப் பெற்று அதைப் பற்றிக் கருத்துச் சொல்கிறவர் அதை வெளிப்படுத்த வேண்டும் என்று தன் வழிகாட்டலில் சேர்த்தது. 2024 இல் போலிக் கருத்துகளைத் தடைசெய்து விதியே கொண்டுவந்தது. பழைய புத்தகத்தைச் சும்மா கொடுக்கிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. விற்க வேண்டியதில்லை, எழுத்தாளரைத் தெரியாது. பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

ஆனாலும் உண்மையை முழுதாகச் சொல்லாமல் விடலாம். அதை நான் செய்தேன். எங்கள் நேயர் ஒருவர், வன்னியில் கடைசி வரை இருந்து வந்தவர், ஆங்கிலம் பழக இலகுவான புத்தகம் கேட்டார். இது நல்ல வழிதான். 1994 இல் கியுங்-சூக் சோ, ஸ்ரீபன் கிராஷன் என்ற இருவர், அமெரிக்காவில் குடியேறிய நான்கு பெண்கள் சின்னப் பிள்ளைகளுக்கான இலகு நாவல் தொடர் ஒன்றை விருப்பத்தோடு வாசித்து எவ்வளவு சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். காதல் நாவலில் உரையாடல் அதிகம், வசனங்கள் சிறியவை, சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஆகவே மூன்றைக் கொடுத்தேன். "நல்ல கதை" என்று மட்டும் சொன்னேன். பத்து நாளில் ஒன்றைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"அக்கா, இதிலை அந்தப் பிள்ளையைப் பிடிச்சு நிலத்துக்குக் கீழை அடைச்சு வைக்கிறாங்கள். மேலை சத்தம் கேக்குது. எனக்கு இரண்டு நாள் நித்திரை இல்லை. முதலே சொல்லியிருக்கலாமே."

நான் அந்தப் பகுதியை வாசித்திருந்தேன். எனக்கு அது கதை. அவருக்குப் பங்கர்.

அன்றிலிருந்து ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஒரு துண்டுக் கடதாசி வைக்கிறேன், தமிழில். கடத்தல், சித்திரவதை, வெடிச் சத்தம் வருகிற பக்கங்களை இலக்கத்தோடு எழுதுகிறேன். படுக்கையறைக் காட்சிகள் உண்டா, எவ்வளவு வெளிப்படையாக என்பதையும் எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிப் போகும் தாய்க்கு அது தெரிய வேண்டும். 'ருவைலைற்' முதல் மூன்று பாகத்தில் அப்படி ஒன்றும் இல்லை, நான்காவதில் கலியாணமும் இரத்தம் நிறைந்த ஒரு பிரசவமும் வரும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. "நீ எனக்கென்றே விதிக்கப்பட்டவள்" என்று சொல்லி, அவள் வேண்டாம் என்ற பிறகும் விடாமல் துரத்துகிற நாயகர்கள் இந்த வகையில் நிறையப் பேர். ஒரு பெண்பிள்ளை அதைக் காதல் என்று படித்துவிடக் கூடாது. தொடரில் இது எத்தனையாவது பாகம் என்பதையும் குறிக்கிறேன். ஏழாம் பாகத்தில் தொடங்கினால் யார் யாரைக் கடித்தார்கள் என்றே விளங்காது.

கணக்கு வழக்கும் கொஞ்சம். நீங்கள் வாங்கிய அச்சுப் புத்தகத்தைச் சும்மா கொடுக்கலாம், தடையில்லை. மின்நூல் அப்படியல்ல, அது பெரும்பாலும் பாவிக்கும் உரிமை மட்டுந்தான். முன்னட்டை கிழிக்கப்பட்ட மலிவுப் பதிப்பு கிடைத்தால் வாங்க வேண்டாம். விற்காத பிரதிகளின் அட்டையை மட்டும் கிழித்து அனுப்பி, கடைக்காரர்கள் பதிப்பகத்திடம் பணத்தைத் திரும்பப் பெறுவது வழக்கம். உட்புறம் அழிக்கப்பட்டதாகக் கணக்கில் இருக்கும். அயலவருக்குக் கொடுத்தால் வரிக் கழிவு கிடையாது. பதிவு பெற்ற அறநிலையம் பற்றுச்சீட்டுத் தந்தாலும் அது இன்றைய சந்தைப் பெறுமதிக்குத்தான், அட்டையில் அச்சிட்ட விலைக்கு அல்ல. நூலகத்துக்குக் கொண்டுபோக முன் ஏற்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மகளின் உள்ளட்டைக் குறிப்புகளை நான் அழிக்கவில்லை. ஒன்றில் பதினாறு வயதுக் கையெழுத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள்: இந்தப் பிள்ளையின் தாய்க்கு ஒன்றுமே தெரியாது, தெரிந்தால் புத்தகத்தைக் குப்பையில் போடுவா. அந்தப் பிரதியை மட்டும் நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

மற்றவை எங்கள் ஒலிபரப்பு நிலைய வாசல் மேசையில் இருக்கின்றன. எடுத்துக்கொண்டு போங்கள், திருப்பித் தரத் தேவையில்லை. தருவதானால் உங்கள் துண்டையும் என்னுடையதோடு சேர்த்து வையுங்கள். வன்னிச் சகோதரி சென்ற கிழமை ஒன்றைத் திருப்பி வைத்திருக்கிறார். அவருடைய துண்டில் இப்படி இருக்கிறது: "இங்கிலிஷ் சுகம். 140 இலிருந்து 152 மட்டும் வாசிக்க வேண்டாம், கதை விளங்கும். ஓநாய் நல்ல பெடியன். தாய்தான் சரியில்லை."