ஆல்பர்ட் ஹாலில் ஒரு கோப்பை காப்பி

கல்கத்தாவில் காலேஜ் தெருப் பழைய புத்தகக் கடைகளைக் கடந்து ஒரு மாடிப்படி ஏறினால், காப்பி ஹவுஸின் இரைச்சல் நம்மை எதிர்கொள்ளும். உயர்ந்த கூரையிலிருந்து நீண்ட குழாய்களில் தொங்கும் மின்விசிறிகள். சுவரில் ரவீந்திரரின் பெரிய படம். விசிறி மடிப்புத் தலைப்பாகையுடன் பரிசாரகர்கள். எந்த மகாராஜாவுக்கு விருந்தோ என்று தோன்றும். நமக்கு வருவதென்னவோ பாலில்லாத கறுப்புக் காப்பிதான்! 'இன்ஃப்யூஷன்' என்று அதற்குப் பெயர். கும்பகோணத்து நாக்குக்கு அது ஒரு சோதனை. ஆயினும் ஒரே கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு மாணவர்கள் மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். எழுந்திருங்கள் என்று சொல்வாரில்லை.

ஆல்பர்ட் ஹால் என்பது இதன் பழம்பெயர். காங்கிரஸ் மகாசபை தோன்றுவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, 1876 ஜூலை 26-ஆம் தேதி, சுரேந்திரநாத் பானர்ஜியும் நண்பர்களும் இந்தியன் அஸோஸியேஷனை இங்கே ஸ்தாபித்தார்கள். அன்றைய தினந்தான் சுரேந்திரநாதரின் மகன் இறந்துபோனான். துக்கத்தை வீட்டில் விட்டுவிட்டுத் தகப்பனார் கூட்டத்துக்கு வந்தார். இதை எண்ணியபோது கையிலெடுத்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

காப்பி விற்பனையைப் பெருக்குவதற்காகக் காப்பி போர்டார் 1942-ல் இங்கே கடை திறந்தனர். 1958-ல் அதை மூட நிர்வாகம் தீர்மானித்தது. பிரஸிடென்ஸி கல்லூரி, சர்வகலாசாலை ஆசிரியர்கள் சர்க்காருக்கு மனுப் போட்டு அவ்வாண்டே மீண்டும் திறக்கச் செய்தார்கள். இப்பொழுது தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தார் நடத்துகிறார்கள். சம்பள உயர்வுக்கு மனுப் போட்ட வாத்தியார்களை நான் அறிவேன், நானும் போட்டிருக்கிறேன். காப்பிக் கடைக்காகப் போட்டவர்களை இங்குதான் கேள்விப்பட்டேன்.

ஆறிப்போன காப்பியை ஒதுக்கிவிட்டு, இன்னொன்று கொண்டுவரச் சொன்னேன்.