மூழ்கும் நேரமும் மூச்சு வாங்கும் நேரமும்

சிலாவத்துறைக் கடலில் முத்துக்குளித்தல் நிகழ்ந்த காலத்தில் அதனைக் கண்டு எழுதிவைத்த அயல்நாட்டாருட் பெரும்பாலோர் தவறாது குறிப்பிட்ட செய்தி ஒன்றுண்டு. குளிப்பவன் ஒருவன் நீரின் அடியில் எவ்வளவு நேரம் தங்கினான் என்பதே அது. அவர்கள் கூறும் கணக்குக்களோ ஒன்றோடொன்று ஒவ்வாதவை. ஒருவர் ஆறு நிமிடம் என்பார். ஒருவர் ஏழு நிமிடம் என்பார். இன்னொருவர் ஒன்றரை நிமிடம் தானும் இல்லை என்பார். மனிதனுடைய நெஞ்சும் நுரையீரலும் இடையிலே மாறிவிடவில்லை. மாறியது அளந்தவர்களின் முறையே. ஒரு நாள் கண்ட வியப்பை எழுதியவர் ஒரு வகையினர். ஆண்டுக்கணக்காகக் கடிகாரத்தோடு காத்திருந்தவர் மற்றொரு வகையினர். இவ்விரு வகையினரின் சொற்களுக்கும் இடையேயுள்ள தொலைவு, குளிப்போரின் உயிரோடு தொடர்புடைய தொலைவாகும்.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில், அரிப்புக்கு அண்மையில் அமைந்த ஊர் சிலாவத்துறை. சலாபம் என்பது முத்துக்குளிப்பைக் குறிக்கும் பழஞ்சொல். ஊர்ப்பெயரும் அதனோடு தொடர்புடையதென்பர். கரைக்கு அப்பால், ஆழங் குறைந்த கடலடியிலே, பார் என்று வழங்கும் பாறைத் திட்டுக்கள் பரந்து கிடக்கின்றன. பெரிய பார், சேவல் பார், மோதரகம் பார் என்பன அவற்றுட் சில. அப்பாறைகளிலேதான் முத்துச் சிப்பிகள் பற்றி வளர்ந்தன. 19ஆம் நூற்றாண்டிலே குளிப்பு அறிவிக்கப்பட்ட ஆண்டுகளில் இவ்வெறுங்கரை ஒரு பட்டினமாய் மாறும். தென்னிந்தியக் கரையிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குளிப்போரும் வணிகரும் வந்து குவிவர். குளிப்பு முடிந்ததும் ஓலைக் கொட்டில்கள் மறைந்து, மணலே எஞ்சும்.

குளிப்பு நாளின் ஒழுங்கு காற்றை ஒட்டியது. நள்ளிரவிலே கரைக்காற்று எழத் தோணிகள் புறப்படும். விடியுமுன் பாரை அடைந்து, கதிரவன் எழும்போது குறிவெடி கேட்டதும் தொழில் தொடங்கும். நண்பகல் அளவில் கடற்காற்று எழுந்ததும் தோணிகள் கரை திரும்பும். ஒரு தோணியிற் பொதுவாகப் பத்துக் குளிப்போர் இருந்தனர். ஆனால் கற்கள் ஐந்தே. ஏறக்குறைய 30 இறாத்தல் நிறையுள்ள கல்லைக் கயிற்றிற் கட்டி, அதன்மேற் காலை வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு குளிப்பவன் இறங்குவான். அடியை அடைந்ததும் கல்லை விட்டுவிட்டுச் சிப்பிகளை வலைக்கூடையில் வாரி நிரப்புவான். பின்னர் கயிற்றை அசைத்துக் குறி காட்டுவான், மேலிருப்பவன் கூடையை இழுப்பான், குளிப்பவனும் மேலெழுவான். ஐவர் கீழே செல்ல, ஐவர் இளைப்பாறுவர். இந்த இளைப்பாறுதல் சோம்பலன்று என்பது பின்னர் விளங்கும்.

இனி நேரத்தைப் பற்றிய பழைய சொற்களை நோக்குவோம். 14ஆம் நூற்றாண்டில் உலகஞ் சுற்றிய இபன் பதூதா, பாரசீக வளைகுடாவிற் குளிப்போருட் சிலர் ஒரு மணி நேரமும், சிலர் இரண்டு மணி நேரமும் நீருக்கடியில் இருப்பர் என்று எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் இலங்கையிற் படைத்தொழில் புரிந்த போர்த்துக்கேயரான ரிபெய்ரோ, கிறித்தவர் ஓதும் விசுவாச மந்திரத்தை இருமுறை சொல்லும் நேரம் என்றார். கடிகாரம் கையில் இல்லாத காலத்தில் செபமே அளவுகோலாயிற்று. வியப்பென்னவெனில், பழைய கணக்குக்களுள் உண்மைக்கு மிக அண்மையில் நிற்பது செபத்தால் அளந்த இக்கணக்கேயாகும்.

கடிகாரம் வந்தபின் கதை குறையவில்லை. 1797ஆம் ஆண்டுக் குளிப்பை நேரிற் கண்ட லெபெக் என்பவர், காரைக்காலிலிருந்து வந்த ஆபிரிக்க இளைஞன் ஒருவன் ஏழு நிமிடம் கீழே இருந்ததைத் தாம் கண்டதாக எழுதினார். 1803இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட பெர்சிவல், வழக்கமான நேரம் இரண்டு நிமிடம் என்றும், அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவன் ஆறு நிமிடம் தங்கினான் என்றும் கூறினார்.

இக்கதைகளுக்கு முடிவு கட்டியவர் கப்பித்தான் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். முத்துப்பார்களைப் பார்வையிடும் அதிகாரியாகப் பல்லாண்டு கடமையாற்றி, 1843இல் இலங்கை முத்துக்குளிப்பைப் பற்றி நூல் எழுதியவர் அவர். அவருடைய முடிபு மிகச் சுருங்கியது. அரிப்புக் கடலில் 87 விநாடிக்கு மேல் எவரும் கீழே இருந்ததை அவர் அறியார். 13 பாகத்துக்கு மேல் ஆழம் சென்றவரையும் அறியார். 9 பாகம் நீரில், வழக்கமான வேளைகளில், 55 விநாடியைக் கடந்தவர் அரியர். இலங்கையில் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற், பழைய கணக்குக்களையும் இதனையும் தம் நூலில் அருகருகே வைத்துக் காட்டியுள்ளார்.

ஒரு நாள் நின்று பார்ப்பவனுக்குத் தவறு நேர்வது இயல்பு. ஐவர் ஒரே வேளையில் இறங்குகின்றனர். வேறு தோணிகளிலிருந்தும் தலைகள் தோன்றி மறைகின்றன. இறங்கியவன் யார், எழுந்தவன் யார் என்பதில் மயக்கம் உண்டாகலாம். மூச்சையடக்கிய ஒருவனுக்காகக் காத்திருப்பவனுக்கு ஒரு நிமிடமும் நீண்டு தோன்றும். பல நாள் பார்ப்பவனுக்கோ ஒரு தவறு பெரிதன்று. நூறு கணக்குக்களிடையே அது தானே வெளிப்பட்டுவிடும்.

இவ்வாறு நாட்கணக்கிற் காத்திருந்து நேரங் குறிப்போர் இன்றும் உலகின் வேறோரிடத்தில் உள்ளனர். அவர்கள் நோக்குவது மனிதரையன்று, பீறிடும் வெந்நீரூற்றுக்களை. திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை நம்மவர் நன்கறிவர். அவை பொங்கிப் பாய்வதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் யெலோஸ்டோன் என்னும் இடத்திலுள்ள ஊற்றுக்களோ இடைவிட்டு வானை நோக்கி எழுவன. நிலத்தின் ஆழத்தில் அழுத்தத்துக்கு உட்பட்ட நீர், 100 பாகை வெப்பத்தைக் கடந்தும் கொதியாது நிற்கிறது. வெப்பம் மேலும் ஏறி, நீர் ஓரிடத்திற் கொதித்து மேலுள்ள நீரைத் தள்ளியதும், அழுத்தம் குறைகிறது. குறையவே கீழுள்ள நீரும் ஒருங்கே ஆவியாகிப் பீறிடுகிறது.

அங்குள்ள ஓல்ட் பெய்த்புல் என்னும் ஊற்றுக்கு 1870இல் அப்பெயர் இடப்பட்டது. நம்பிக்கை தவறாத கிழவன் என்பது அதன் கருத்து. ஆயினும் அது மணி அடித்தாற்போல் எழுவதன்று. நெடுநாட் பார்த்துக் குறித்தவர்கள் ஓர் உண்மையைக் கண்டனர். எழுந்த நேரம் குறுகியதாயின், அடுத்த எழுச்சி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வரும். எழுந்த நேரம் நீண்டதாயின், ஒன்றரை மணி நேரம் அளவிற் காத்திருத்தல் வேண்டும். மிகுதியாகச் செலவழித்த ஊற்று மீண்டும் நிரம்பிச் சூடேற மிகுந்த காலம் தேவை. ஆதலால் அங்கே நேரங் குறிப்போர் இரண்டு அளவுகளை எழுதுகின்றனர்: எழுச்சி நீடித்த நேரம் ஒன்று, இரண்டு எழுச்சிகளுக்கு இடைப்பட்ட நேரம் மற்றொன்று. ஒன்றை விட்டு ஒன்றை எழுதினால் பயன் பாதியாகும்.

முத்துக்குளிப்பை வியந்து எழுதியோர் முதலாவது அளவையே தேடினர். குளிப்பவன் கீழே இருந்த நேரமே அவர்களுக்குப் பெரிதாயிற்று. அவன் மேலே இருந்த நேரத்தைக் குறித்தவர் அரியர். உடலின் இயல்பை நோக்கினாலோ, இரண்டாவது அளவும் முதலாவதைப் போலவே இன்றியமையாதது.

9 பாகம் ஆழத்தில், வளிமண்டலத்தின் அழுத்தமும் நீரின் அழுத்தமும் சேர்ந்து, கரையிலுள்ள அழுத்தத்தின் இரண்டரை மடங்குக்கு மேலாகும். நெஞ்சில் அடைத்துச் சென்ற காற்று ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். இந்நெருக்கத்திற் பிராணவாயு எளிதாக இரத்தத்திற் சேர்வதால், அடியில் நிற்பவனுக்குக் குறைவு தோன்றாது. மேலெழும்போது அழுத்தம் தளர, அதே பிராணவாயு திடீரெனப் போதாமற் போகும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நினைவிழந்து மூழ்குதல் இதனால் நேர்வது.

இதனினும் நுட்பமான வேறொன்றும் உண்டு. மூச்சு முட்டுகிறது என்னும் உணர்ச்சியை எழுப்புவது பெரும்பாலும் கரியமிலவாயு மிகுதலே. பிராணவாயு குறைதல் அன்று. இறங்குமுன் பலமுறை வேகமாக மூச்சு வாங்குபவன் கரியமிலவாயுவைக் குறைத்துக்கொள்கிறான். பிராணவாயுவோ அவ்வளவாகக் கூடுவதில்லை. எச்சரிக்கை மணியை நிறுத்திவிட்டுத் தீயருகே உறங்குவதை ஒத்தது இது. ஆதலின் குளிப்பவன் தன் உணர்ச்சியை மாத்திரம் நம்புதல் ஆகாது. மேலே ஒருவன் கயிற்றைப் பிடித்துக் காலத்தைக் கவனித்தல் வேண்டும்.

ஏழு நிமிடம் என்பது மனிதனால் முற்றிலும் இயலாததா என்று கேட்கலாம். 2009இல் பிரெஞ்சு நாட்டினரான ஸ்டெபான் மிப்சுட், நீரில் அசையாது மிதந்து, 11 நிமிடம் 35 விநாடி மூச்சை அடக்கினார். ஆனால் அவர் சிப்பி வாரவில்லை. ஒரு முறை செய்து ஓய்ந்தார். சிலாவத்துறையிற் குளித்தவனோ கைகால்களை இயக்கி உழைத்தான். அவன் நாளொன்றுக்கு 40 முதல் 50 முறை இறங்கினான் என்பர். ஒவ்வொரு முறையும் 55 விநாடி எனக் கொண்டால், ஒரு நாளில் அரை மணிக்கு மேல், முக்கால் மணிவரை அவன் மூச்சின்றி உழைத்தான் என்பது கணக்கு. கூலியாக அவனுக்குக் கிடைத்தது சிப்பியிற் பங்கே. ஒவ்வொரு விநாடியும் அவனுக்கு வருவாயாகவும் இடராகவும் இருந்தது. அவனுடைய திறமை ஏழு நிமிடக் கதையில் இல்லை. ஒரு நிமிடத்தை ஐம்பது முறை செய்து, மறுநாளும் செய்ததில் உள்ளது.

கொரியாவிலும் யப்பானிலும் இன்றும் கடலிற் குளிக்கும் பெண்கள் உள்ளனர். ஹொங், ரான் என்னும் இரு அறிஞர் அவர்களை ஆராய்ந்து 1967இல் எழுதினர். யப்பானில் ஒரு வகையினர் எடைக்கல்லோடு இறங்கி, படகிலிருப்பவர் கயிற்றால் இழுக்க மேலெழுவர். மன்னார்க் குளிப்புக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வெளிப்படை. அவர்கள் நீருள் இருப்பது ஏறக்குறைய 60 விநாடி; மேலே இளைப்பாறுவதும் அவ்வளவே. கல்லும் கயிறும் கொண்டு குளிப்போர், உலகின் இரு கோடிகளிலும், ஒரு நிமிடம் என்னும் ஒரே எல்லையை அடைந்தனர்.

இளைப்பாறும் நேரத்தைக் குறைத்தால் நேர்வதைப் பசுபிக் கடலின் தூவாமோத்துத் தீவுகள் காட்டின. அங்கு முத்துச்சிப்பிக்காக 30 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் இறங்கியோர், சில நிமிடம் மாத்திரம் ஓய்ந்து மீண்டும் மீண்டும் மூழ்கினர். அழுத்தத்தில் இரத்தத்திற் கரைந்த நைதரசன் வெளியேறப் போதிய காலம் இல்லை. எட்வர்ட் கிராஸ் என்பவர் 1965இல் வெளியிட்ட குறிப்பின்படி, ஒரே நாளில் 235 பேரில் 47 பேர் தாக்கப்பட்டனர். தலைசுற்றலும் வாதமும் கண்டன, இருவர் இறந்தனர். அந்நோயைத் தீவினர் தரவானா என்றழைத்தனர். அதே கடலிலுள்ள மங்கரேவாத் தீவினர் ஒவ்வொரு முறைக்கும் 12 முதல் 15 நிமிடம் ஓய்ந்தனர். அவர்களுக்கு அந்நோய் வரவில்லை.

இப்போது ஐந்து கல்லுக்குப் பத்துப் பேர் என்னும் சிலாவத்துறை ஒழுங்கை மீண்டும் நோக்குக. விடியல் முதல் நண்பகல்வரை 6 மணி நேரம். இறக்கம் ஏறக்குறைய 45. எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்றாகிறது. ஒரு நிமிடம் கீழே, ஏழு நிமிடம் மேலே. ஆழமும் தூவாமோத்து ஆழத்தினும் குறைவு. நைதரசன் என்னும் பெயரையே கேளாதவர்கள் வகுத்த ஒழுங்கு அது.

1907க்குப் பின் நெடுங்காலம் குளிப்பு நிகழவில்லை. 1925இல் ஒன்று நிகழ்ந்தது. பழைய பெருங்குளிப்புக்கள் திரும்பவில்லை. ஆயினும் மன்னார்க் கடலிற் குளிக்கும் தொழில் அழியவில்லை. சங்குக்காகவும் கடலட்டைக்காகவும் இன்று காற்றுக் குடுவையை முதுகிற் சுமந்து இறங்குகின்றனர். குடுவை மூச்சின் எல்லையை நீக்கிவிட்டது. கீழே ஒரு நிமிடம் நின்றவனின் இடத்தில் அரை மணி நேரம் நிற்பவன் வந்துவிட்டான். ஆனால் நைதரசனின் கணக்கை அது நீக்கவில்லை, பெருக்கியே விட்டது. நீண்ட நேரம் கீழே இருந்தவன் மெல்ல மெல்ல மேலெழ வேண்டும். மீண்டும் இறங்குமுன் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். இவ்விதியை மீறினோர் மூட்டு நோவுக்கும் கால் வழங்காமைக்கும், சிலவேளை மரணத்துக்கும் ஆளாகின்றனர்.

ஆதலால் தோணியில் ஒரு கடிகாரமும், அதனைப் பார்த்து எழுதும் ஒருவரும் இருத்தல் இன்றைய குளிப்புக்கும் இன்றியமையாதது. எழுத வேண்டியவை மூன்று: எவ்வளவு ஆழம் சென்றார், எவ்வளவு நேரம் கீழே இருந்தார், மேலே வந்தபின் எவ்வளவு நேரம் கழிந்தது. மூன்றாவதை எழுதாது விட்ட பலகை, முதலிரண்டையும் எழுதியும் குளிப்பவனைக் காவாது.