வாசலைத் திறந்த பெண்களைக் கனப்படுத்துதல்

ஆண்டுதோறும் மார்ச் 8ஆம் நாளில் நமது கல்லூரிகளிலும் சபைகளிலும் மகளிர் நாள் விழாக்கள் நடைபெறுகின்றன. தொண்டாற்றிய பெண்களுக்குப் பொன்னாடை போர்த்தி, நினைவுப் பரிசு வழங்கி, வாழ்த்துரை கூறி அனுப்பிவைக்கிறோம். இவ்வழக்கத்தை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் கல்விக்கூடங்களில் பலவகை மக்களும் ஒருங்கே இடம்பெற உழைத்த பெண்களை எவ்வாறு கனப்படுத்துவது என்னும் கேள்வி, பொன்னாடையோடு முடிந்துவிடும் கேள்வியன்று. அது இறையியல் சார்ந்த கேள்வியுமாகும். தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதியில் ஊழியம் செய்வோரையும், அங்கே செல்ல ஆயத்தமாகும் இறையியல் மாணவரையும் மனத்திற்கொண்டு இதனை ஆராய முற்படுகிறோம்.

1. பவுல் தரும் பட்டியல்

ரோமர் நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தை வெறும் வாழ்த்துரை என்று எண்ணி நாம் விரைந்து கடந்துவிடுவது உண்டு. உண்மையில் அது ஒரு கனப்படுத்தும் பட்டியல். அதில் பத்துப் பெண்கள் குறிக்கப்படுகின்றனர். கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாள் முதலிடம் பெறுகிறாள். பிரிஸ்கில்லாளின் பெயர் அவள் கணவன் பெயருக்கு முன்னே வருகிறது. மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் ஆகிய நால்வரும் பிரயாசப்பட்டவர்கள் என்று சொல்லப்படுகின்றனர். கடின உழைப்பைக் குறிக்கும் அக்கிரேக்க வினைச்சொல் இப்பட்டியலில் பெண்களுக்கு மட்டுமே வழங்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது.

இப்பட்டியலிலிருந்து மூன்று உண்மைகளை அறிகிறோம். முதலாவது, பவுல் பெண்மையைப் பொதுவாகப் புகழவில்லை. பெயரைச் சொல்லி, அவர்கள் செய்த வேலையையும் சொல்லுகிறார். இரண்டாவது, யூதர், கிரேக்கர், அடிமைக் குடும்பங்களில் வழங்கிய பெயர்களை உடையோர் ஆகிய பலதிறத்தாரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கின்றனர். மூன்றாவது, மறதியும் ஒரு பாவமாகக்கூடும். அப்போஸ்தலர் வட்டத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்ட யூனியா என்னும் பெண்ணின் பெயரைப் பிற்காலத்து மொழிபெயர்ப்புகள் சில ஆண்பெயராகவே ஆக்கிவிட்டன. பெண் ஒருத்தி பெற்ற கனத்தை எழுத்திலேயே பறிக்க முடியும் என்பதற்கு இது சான்று. ஆகவே, கனப்படுத்துதல் என்பது பெயரை மீட்டு, வேலையைச் சொல்லி, அவ்வேலையைத் தொடர்வதாகும்.

2. முதல் வாசல்: உள்ளே வருதல்

தமிழகத்தில் உயர்கல்வியின் வாசல் பெண்களுக்கு எளிதில் திறக்கவில்லை. 1886இல் பிறந்த முத்துலட்சுமி புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர விரும்பியபோது, பெண் என்பதனாலும், தாயார் தேவதாசி மரபில் வந்தவர் என்பதனாலும் எதிர்ப்பு எழுந்தது. மன்னரின் ஆதரவால் அவருக்கு இடம் கிடைத்தது. 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், 1927இல் சென்னைச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராகி, இந்தியச் சட்டமன்ற வரலாற்றில் முதற்பெண் என்னும் இடத்தைப் பெற்றார்.

1915இல் சென்னையில் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி 41 மாணவியருடன் தொடங்கப்பெற்றது. பல்வேறு சபைப்பிரிவுகளைச் சார்ந்த மிஷன் சங்கங்கள் ஒன்றுகூடி அதனை நிறுவின. எலினார் மெக்டூகல் அம்மையார் அதன் முதல் முதல்வராக அமர்ந்தார். சபைகள் ஐக்கியத்தைப் பற்றி மாநாடுகளில் விவாதித்துக்கொண்டிருந்த காலத்தில், பெண்களின் கல்லூரி ஒன்று அவ்வைக்கியத்தை அன்றாட வாழ்வாக ஆக்கிக்காட்டியது.

நம் பகுதிக்கு இன்னும் நெருங்கியது மதுரையில் 1948இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரி. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த கேட்டி வில்காக்ஸ் அம்மையார் அதனை நிறுவினார். மதுரையில் பெண்களுக்கென எழுந்த முதற் கல்லூரி அதுவே. அக்காலத்தில் தேனிப் பகுதி மதுரை மாவட்டத்தின் அங்கமாகவே இருந்தது. தனி மாவட்டமானது 1990களில்தான். பெரியகுளத்திலிருந்தோ போடியிலிருந்தோ ஒரு பெண் பட்டப்படிப்பை நாடினால், அவள் நாடக்கூடிய வாசல்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று அங்கே திறந்தது.

3. இரண்டாம் வாசல்: ஒருமித்து உண்ணுதல்

சேர்க்கை கிடைத்தாலும், மாணவி எங்கே தங்குகிறாள், யாரோடு உண்கிறாள் என்பதே மெய்யான சோதனை. முத்துலட்சுமி அம்மையாரின் வரலாற்றில் இதுவும் விளங்குகிறது. தேவதாசிக் குடும்பங்களிலிருந்து அடைக்கலம் நாடி வந்த பெண்களுக்குச் சென்னையில் இருந்த விடுதிகள் இடமளிக்க மறுத்தன. ஆகவே தம் வீட்டிலேயே அவர்களை ஏற்றுக்கொண்டார். 1930இல் தோன்றிய ஔவை இல்லம் அவ்வாறு பிறந்ததே. சட்டமன்றத்தில் சீர்திருத்தம் பேசிய ஒருவர், தம் அடுக்களையிலும் அதனைச் செய்துகாட்டினார். இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால் அவரை நாம் பாதியளவே கனப்படுத்துகிறோம்.

இதில் நமது திருச்சபைக்கும் ஒரு மரபு உண்டு. 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சாதியை விட்டொழித்ததற்கு அடையாளமாக உபதேசியாரும் விசுவாசிகளும் ஒரே பந்தியில் உண்ணவேண்டும் என்று வற்புறுத்தியது. சிலர் அதற்கு இணங்காது விலகினர். நற்கருணைப் பந்தியில் ஒன்றாயிருந்து, வீட்டுப் பந்தியில் பிரிந்திருப்பது இயலாது என்பதே அதன் பொருள். இம்மரபில் வந்த நாம், நமது கல்வி நிலையங்களின் விடுதிகளில் யார் எந்த அறையில் தங்குகின்றனர், யார் யாரோடு அமர்ந்து உண்கின்றனர் என்று எப்போதாவது கவனித்ததுண்டா?

4. மூன்றாம் வாசல்: கற்பிப்பதும் நடத்துவதும்

பலதிறத்து மாணவர் உள்ளே வந்து, ஒருங்கே தங்கினாலும், கற்பிக்கப்படும் பாடமும் நிர்வாகமும் ஒருசாரார் கையிலேயே இருக்குமாயின் பணி முற்றுப்பெறாது. இவ்வாசலைத் திறக்க முயன்றவர்களுள் முனைவர் வே. வசந்தி தேவி அம்மையாரை நன்றியோடு நினைவுகூருகிறோம். 1938இல் திண்டுக்கல்லில் பிறந்து, 2025 ஆகஸ்டு மாதம் மறைந்த அவர், 1992 முதல் 1998 வரை திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பணியாற்றினார். இந்தியக் கிறிஸ்தவ இறையியலில் நமக்கெல்லாம் அறிமுகமான வே. சக்கரையின் பேத்தி அவர். சக்கரை இறையியலாளர் மட்டுமல்லர்; தொழிற்சங்கத் தலைவரும், சென்னை மாநகரின் மேயராக இருந்தவருமாவார். சமயத்தையும் உழைப்போர் வாழ்வையும் பிரிக்காத அப்பாட்டனாரின் நோக்கு, பேத்தியிடத்தில் கல்விப்பணியாக வெளிப்பட்டது எனலாம்.

அவர் துணைவேந்தராக இருந்த ஆண்டுகள் அமைதியான ஆண்டுகளல்ல. 1995இல் கொடியன்குளம் நிகழ்ச்சியும், அதனைச் சூழ்ந்த சாதிக் கலவரங்களும் தென் மாவட்டங்களை உலுக்கின. அத்தகைய நாளில் ஒரு பல்கலைக்கழகம் சுவருக்குள் தேர்வுகளை நடத்திக்கொண்டு மட்டும் இருக்கலாகாது, சுற்றியுள்ள சமுதாயத்திற்கு அது கடன்பட்டது என்பது அவர் வற்புறுத்திய கொள்கை. பின்னர் 2002 முதல் 2005 வரை மாநில மகளிர் ஆணையத்தின் தலைவராக இருந்தார். மதுரையில் இயங்கும் மனித உரிமைக் கல்வி நிறுவனத்தின் தலைவராகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனித உரிமைப் பாடம் சென்றடைய உழைத்தார். எழுத்தாளர் சுந்தர ராமசாமி அவரோடு தமிழகக் கல்வி குறித்து நிகழ்த்திய நீண்ட உரையாடல் நூலாக வெளிவந்துள்ளது. ஏழைப் பிள்ளைகளின் பள்ளி தரம் குன்றாதிருக்க வேண்டும் என்பதில் அவர் இறுதிவரை உறுதியாயிருந்தார். பல்கலைக்கழகத்தின் உச்சியில் இருந்தவர் ஊர்ப்பள்ளியை மறக்கவில்லை என்பதே நாம் கற்கவேண்டிய பாடம்.

5. நமது பள்ளத்தாக்கு

கம்பம் பள்ளத்தாக்கின் நன்செய் வளம் ஒரு வழி திறந்ததால் பெருகியது. 1895இல் முல்லைப்பெரியாறு அணை நிறைவெய்தியபின், மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்க வழியாகக் கிழக்கே திரும்பியது. ஆயினும் தலைமடையில் நீர் பெருகுவதனால் மட்டும் கடைமடை நிலம் நனைந்துவிடாது என்பதை இங்குள்ள ஒவ்வொரு விவசாயியும் அறிவார். கல்வியும் அத்தகையதே.

இப்பள்ளத்தாக்கில் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் வீட்டுமொழிகளாய் வழங்குகின்றன. மலைக்கு அப்பால் மலையாளம். இந்துக்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கின்றனர். மலைச்சாரலில் பளியர் வாழ்கின்றனர். விடியுமுன் ஜீப்புகளில் ஏறிக் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்வோரில் மிகப்பலர் பெண்கள். இவ்வளவு பன்மை இருந்தும் இணக்கம் தானாக வந்துவிடவில்லை. 1989இல் போடிநாயக்கனூர்ப் பகுதியில் எழுந்த சாதிக் கலவரத்தில் உயிர்கள் பலியாயின. பன்மை என்பது நமக்குக் கிடைத்துள்ள நிலைமை. ஒருமைப்பாடு என்பது நாம் செய்யவேண்டிய வேலை.

அவ்வேலைக்கு இங்கே வாசல்கள் திறக்கப்பட்டுள்ளன. உத்தமபாளையத்தில் 1956இல் இஸ்லாமியப் பெருமக்கள் நிறுவிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி பல சமூகத்தாருக்கும் கல்வி வழங்கிவருகிறது. பெரியகுளத்தில் 1971இல் கத்தோலிக்கக் கன்னியர் பெண்களுக்கெனத் தொடங்கிய ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரி உள்ளது. பெரியகுளத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் மலையில், கொடைக்கானலில், 1984இல் தமிழக அரசு அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தை நிறுவியது. தொலைவிலுள்ள ஸ்கோப்யே நகரில் பிறந்து, கல்கத்தாவின் தெருக்களில் எல்லாச் சமயத்தாருக்கும் பணிசெய்த ஒரு பெண்ணின் பெயரை அது தாங்கியுள்ளது. இவை எதுவும் நமது சபைப்பிரிவின் நிறுவனமல்ல. ஆயினும் நன்மை எங்கே நிகழ்ந்தாலும் அதனைக் கர்த்தரின் செயலாகக் கண்டு நன்றி செலுத்துவது சுவிசேஷத்திற்கு இசைந்ததே. இக்கல்லூரிகளில் படிக்கும் ஏலத்தோட்டக் கூலியாளின் மகள், தன் வீட்டின் முதற் பட்டதாரியாக இருக்கக்கூடும். அவளிடம் வந்து சேர்ந்ததா என்பதே கடைமடையின் அளவுகோல்.

6. ஆயர்களின் பொறுப்பு

இவற்றிலிருந்து நமது ஊழியத்திற்குச் சில கடமைகள் எழுகின்றன.

முதலாவது, சபைக் குறிப்பேடுகளைப் புரட்டி, ஊர்ப்பள்ளிகளில் கற்பித்த பெண் ஆசிரியர்கள், வேதமாதர், விடுதித் தாய்மார் ஆகியோரின் பெயர்களையும், அவர்கள் செய்த வேலையையும் எழுதி வைக்கவேண்டும். பெண்களை நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் மட்டும் காண்பது போதாது.

இரண்டாவது, விழாவில் கனப்படுத்தப்படும் பெண்ணிடம், அவர் தொடங்கிய வேலை இன்று எங்கே தடைப்பட்டு நிற்கிறது என்று கேட்கவேண்டும். அத்தடையை நீக்கச் சபை ஒரு பங்கேனும் ஏற்றுக்கொண்டால், அது பொன்னாடையினும் மேலான பரிசாகும்.

மூன்றாவது, நமது பொறுப்பிலுள்ள விடுதிகளின் பந்தியும், ஆட்சிக்குழுக்களின் நாற்காலிகளும் யாருக்கு உரியவை என்று நேர்மையோடு எண்ணிப் பார்க்கவேண்டும். தென்னிந்தியத் திருச்சபையில் பெண்ணொருவர் முதன்முறையாகப் பேராயராக அருட்பொழிவு பெற்றது 2013இல்தான். 1947இல் உருவான திருச்சபைக்கு அதற்கு 66 ஆண்டுகள் தேவைப்பட்டன. பிறருடைய வாசல்களைப் பற்றிப் பேசுமுன் நம் வாசலின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொள்வது நலம்.

நான்காவது, தோட்ட வேலைக்குச் செல்லும் தாய்மாரின் பெண்பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளியோடு நின்றுவிடாதபடி ஒவ்வொரு குருசேகரமும் கணக்கெடுத்து, கல்லூரிச் சேர்க்கைக்கும் உதவித்தொகைக்கும் வழிகாட்டவேண்டும். இது அவர்களது சமயத்தைக் கேட்டுச் செய்யப்படும் உதவியாக இருத்தலாகாது.

நீதிமொழிகளின் இறுதி அதிகாரம் குணசாலியான பெண்ணைப் பற்றிப் பேசி முடிக்கையில், அவளது செயல்களே அவளை வாசல்களிற் புகழட்டும் என்னும் கருத்தை வைக்கிறது. பண்டை நாளில் நகரவாசல் என்பது நியாயம் விசாரிக்கப்பட்ட இடம். மூப்பர் கூடிய இடம். பெண்ணின் புகழை வீட்டுக்குள் அடக்காமல், தீர்ப்புச் சொல்லும் இடத்திற்கே அவ்வதிகாரம் கொண்டுசெல்கிறது. நாமும் அவ்வாறே செய்வோமாக. அடுத்த மகளிர் நாளில் நாம் பெயர்களை வாசிக்கும்போது, அவ்விழா மண்டபத்திற்கு வர இயலாமல் ஏலத்தோட்டத்தில் நிற்கும் பெண்ணின் பெயரும் அதில் உண்டா என்று பார்ப்போம். இல்லையெனில், பட்டியல் இன்னும் முடியவில்லை.