கயிறும் பூவும் கல்லும்

நீளமான ஒரு கயிறு, கொஞ்சம் பூக்கள், சில கற்கள். இவற்றை வைத்து மனக்காயத்துக்குச் சிகிச்சை தர முடியும் என்றால் நம்புவீர்களா?

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இலங்கையையும் தாக்கியது. அதன் வடகிழக்குக் கரையில் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் அதற்கு முன்பே போரையும் பார்த்தவர்கள். இப்படிப்பட்ட பேரச்சத்துக்குப் பிறகு சிலருக்கு ஆபத்து நீங்கி நாளாகியும் கெட்ட கனவு வரும். அலைச் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும்.

அதற்குக் காரணம் நம் மூளைக்குள் இருக்கிறது. ஆபத்து வந்தால் எச்சரிப்பது அமிக்டலா என்ற பகுதி. பாதாம் பருப்பு வடிவில் இருக்கும். அதை ஒட்டியே ஹிப்போகேம்பஸ் இருக்கிறது. ஒன்று எப்போது, எங்கே நடந்தது என்பதை நினைவோடு சேர்ப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கடும் பயத்தில் அமிக்டலா மும்முரமாகிவிட, ஹிப்போகேம்பஸ் தடுமாறிப்போகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பயம் ஆழப் பதிந்துவிடும். ‘அது அன்றைக்கு நடந்தது, முடிந்துவிட்டது’ என்பது மட்டும் சரியாகச் சேராது. அப்புறம் ஒரு சின்னச் சத்தம் போதும், எல்லாம் இப்போதே நடப்பதாக உடம்பு நம்பிவிடும்.

விட்டுப்போனதைச் சேர்க்கத்தான் கயிறு. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் உருவாக்கிய முறை இது. கயிற்றின் ஒரு முனை, நீங்கள் பிறந்த நாள். அங்கிருந்து வரிசையாக வைத்துக்கொண்டே போகவேண்டும்: மகிழ்ச்சியான நிகழ்வுக்குப் பூ, துயரத்துக்குக் கல். மிச்சக் கயிறு சுருட்டியே இருக்கும். அது இனிமேல் வரப்போகிற காலம்.

பிறகு கதை சொல்லவேண்டும். கல்லிடம் வரும்போது ஆலோசகர் அவசரப்பட மாட்டார். அப்போது என்ன பார்த்தாய், என்ன கேட்டாய், உடம்பு எப்படி இருந்தது என்று பொறுமையாகக் கேட்பார். சொன்னதை எழுதி, அடுத்த முறை வாசித்துக் காட்டுவார். நினைவு அழிவதில்லை. அதற்கு ஒரு தேதியும் இடமும் கிடைக்கிறது. பயமும் மெல்லக் குறைகிறது.

ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் 31 பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு கதை சொன்னது. மற்றது தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தது. இரண்டுக்கும் ஆறு அமர்வுகள். சிகிச்சை தந்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், கதை சொன்னவர்களில் 81 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். தியானக் குழுவிலோ 71 சதவீதம்! இத்தனை சின்னக் குழுக்களில் இந்த வித்தியாசத்தை வைத்து எது சிறந்தது என்று சொல்லிவிட முடியாது. எனக்கு இந்த ஆய்வில் பிடித்ததே அதுதான்: தங்கள் முறை மட்டும்தான் உசத்தி என்று அவர்கள் மார்தட்டவில்லை.

ஒரு விஷயம். படித்ததும் கயிற்றை எடுத்துக்கொண்டு நண்பனிடம் ‘உன் கல்லைச் சொல்லு’ என்று கிளம்பிவிடாதீர்கள். இதற்குப் பயிற்சி வேண்டும். யாருக்காவது இப்படிப் பயம் தொடர்ந்தால் அம்மா, அப்பா, ஆசிரியர் யாரிடமாவது சொல்லுங்கள். இந்தியாவில் 1098, இலங்கையில் 1929 என்ற எண்களில் பிள்ளைகளே நேரடியாகக் கூப்பிட்டுப் பேசலாம்.